செவந்தியின் செல்போனில் எறும்பு

காட்டுக்குள் குளக்கரையில், மருத மரத்தடியில் விலங்குகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கரடியார் டாக்டர். செவந்தி என்ற மந்தி நர்ஸ். கூட்டிப் பெருக்குவது சடையன் என்ற காட்டுப்பன்றி.

செவந்தி சுத்தத்தில் கெட்டிக்காரி. ஒரு புண்ணைத் தொட்டுவிட்டு அடுத்ததைத் தொடும் முன் குளத்துக்கு ஓடுவாள். பூந்திக்கொட்டையை நுரை வரத் தேய்த்து, நகக்கண் வரை கழுவுவாள். அவளைப் பார்த்துதான் கரடியாரே கை கழுவக் கற்றுக்கொண்டார் என்று காட்டில் கேலி பேசுவார்கள்.

அவள் இடுப்பில் எப்போதும் ஒரு செல்போன் செருகியிருக்கும். அதைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? சின்னக் குட்டியைப் பக்கத்து மரத்து அணிலிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். "அம்மா, எப்போ வருவே?" என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எந்தத் தாயால் எடுக்காமல் இருக்க முடியும்?

அந்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட நேரம் வந்தது. முதலில் நரியின் முதுகுப் புண் சீழ் பிடித்தது. அடுத்து முயலின் காது. பிறகு, முள்ளில் கிழித்துக்கொண்டு வந்த மான்குட்டியின் கால். வந்தபோது சின்னக் கீறல்தான். இப்போது கால் வீங்கி, காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் கிடந்தது. வீக்கம் தொடைக்கு ஏறினால் பிழைப்பது கஷ்டம் என்று கரடியார் சொல்லிவிட்டார். தாய்மான் அழக்கூட இல்லை. குட்டியின் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தது.

யார் செய்த குற்றம் என்று பேச்சு கிளம்பியது. எல்லார் கண்ணும் சடையன் மேல் போனது. சேற்றில் புரளுகிறவன், அவன் துடைப்பம் பட்ட இடமெல்லாம் நோய்தான் என்றது நரி. செவந்தியும் தலையாட்டினாள். நம் கைதான் பளிச்சென்று இருக்கிறதே என்ற தைரியம் அவளுக்கு. இனி வர வேண்டாம் என்று கரடியார் சொன்னதும் சடையன் துடைப்பத்தை மரத்தில் சாத்திவிட்டுப் போனான். பாவம், தன் மேல் சேறு என்று எப்போதும் தள்ளி நின்றே பெருக்கியவன் அவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

சடையன் போன பிறகும் வீக்கம் குறையவில்லை.

மறுநாள் செவந்தி நரியின் புண்ணுக்குத் தேன் தடவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்துப் பேசி, இடுப்பில் செருகினாள். பிறகு வழக்கம்போலக் கை கழுவினாள். மான்குட்டியிடம் வந்து உட்கார்ந்ததும் மறுபடி போன். பேசி முடித்து, கட்டைப் பிரிக்கக் கை நீட்டினாள். விரலில் ஓர் எறும்பு ஊர்ந்தது. இப்போதுதானே கழுவினோம்? போனைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்க எறும்பு.

"இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று சீறினாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. தேன் இருக்கு, தின்ன வந்தோம். நரியோட புண்ணுக்குப் போட்டீங்களே, அதே தேன்" என்றது ஓர் எறும்பு.

நீட்டிய கை அப்படியே நின்றது. நரியைத் தொட்ட கை போனைத் தொட்டிருக்கிறது. கையைக் கழுவினாள், சரி. போனை யார் கழுவினார்கள்? நரியின் சீழ் அதன் வழியாகக் கழுவிய கைக்கே திரும்பி வந்திருக்கிறது. முயலுக்கும் மானுக்கும் அதைத் தானே கொண்டுபோய்ப் பூசியிருக்கிறாள். சாயங்காலம் தன் குட்டிக்கு விளையாடக் கொடுப்பதும் இதே போனைத்தான்.

மறைத்திருக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் தாய்மான் அவள் கையையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. செவந்தி எழுந்து கரடியாரிடம் போனாள்.

"சடையன் மேல தப்பில்லைங்க. என் போன்தான் காரணம்" என்றாள்.

கரடியார் திட்ட வாயெடுத்தார். அப்போது தன் இடுப்பைப் பார்த்தார். அவர் போனிலும் எறும்பு ஊர்ந்தது. போனை எடுத்து மரக்கிளையில் மாட்டினார்.

அன்றிலிருந்து போன்களெல்லாம் மரக்கிளையில் தொங்கின. மருந்துத் துணியால் துடைக்காமல் யாரும் எடுப்பதில்லை. எடுத்தவர் கை கழுவாமல் புண்ணைத் தொடுவதில்லை. கட்டுப் போட்டு முடித்துவிட்டு அம்மாவே கூப்பிடுவேன் என்று செவந்தி தன் குட்டியிடம் சொல்லி வைத்தாள். மான்குட்டிக்கு வீக்கம் மெல்ல வடிந்தது.

அது எழுந்து நொண்டி நடந்த அன்று, செவந்தி சேற்றங்கரைக்குப் போய்ச் சடையனை அழைத்து வந்தாள். மான்குட்டி நொண்டிக்கொண்டே அவனிடம் வந்தது. அவன் பழைய பழக்கத்தில் பின்னால் நகர்ந்தான்.

"பக்கத்துல வாண்ணே" என்றாள் செவந்தி. "தள்ளி நிக்க வேண்டியது நீ இல்ல."

கழுவிய கை என்ற தைரியத்தில் அடுத்தவர் மேல் பழி போடும் முன், அந்தக் கை கழுவிய பிறகு எதைத் தொட்டது என்று பார்க்க வேண்டும்.