தூண்காரர்களின் பாய்

எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், ஏதோ ஒரு காலத்தில் மகரகேது என்றொரு சக்கரவர்த்தி பல தேசங்களைக் கட்டி ஆண்டார். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. ஆனாலும் தேசந்தோறும் ஆள் அனுப்பச் சொல்லிப் பெரிய சபை நடத்தினார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஐந்து தேசத்தார் சேர்ந்து ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் வாய் திறக்கலாம். கூட்டுச் சேர ஆளில்லாதவர்கள் தூணோரம் நின்று கொட்டாவி விடலாம், அவ்வளவுதான்.

உப்புத்தீவுக் காத்தாயி அப்படியொரு தூண்காரி. அன்று பிரதானி அகண்டமூர்த்தி, தீவின் ஒரே மீன்துறையை மூடிவிட்டு அங்கே சக்கரவர்த்தி உல்லாசமாகப் போகும் அன்னப்படகை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். முத்திரை விழுந்தால் தீவே பட்டினி. தடுத்துப் பேச அவளுக்குப் பாய் வேண்டும்.

சுற்றிப் பார்த்தாள். ஒரு தூணில் ராஜாவே கூடாது என்பவர். அடுத்த தூணில் ராஜாவுக்குக் கோயில் கட்டச் சொல்பவர். அந்தப் பக்கம் ஆடு வெட்டக் கூடாது என்பவர், அவருக்கு இடப்பக்கமே ஓர் ஆட்டு வியாபாரி. எல்லாரும் வேறு வேறு தேசம். ஒத்துப்போக வேண்டாம், உட்கார்ந்தால் போதும், நீங்களும் பேசலாமே என்று கெஞ்சிக் கூத்தாடி நால்வரையும் இழுத்து வந்தாள். முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள் மகராசர்கள்.

பிரதானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரசே, இது சபையா, சந்தைக்கடையா? ஒரே மனசு இல்லாதவர்களுக்குப் பாய் எதற்கு? உருவச் சொல்லுங்கள்" என்றார்.

நியாயந்தானே என்று தலையாட்டிவிட்டார் சக்கரவர்த்தி. ஆனாலும் காத்தாயி விடவில்லை.

"நியாயந்தான் மகாராஜா. எல்லாப் பாய்க்கும் அதே சட்டம் வையுங்கள். ஒரே மனசா என்று பார்க்க, பிரதானிப் பதவியில் யார் இருக்கலாம் என்று ஒவ்வொருவரும் உங்கள் காதில் சொல்லட்டும். முதலில் பிரதானியும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருக்கும் பாய்."

பிரதானி மீசையைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சக்கரவர்த்தியின் காதைக் கடித்தார்கள். ஒவ்வொருவரும் சொன்னது தன் பெயரைத்தான்.

அப்புறம் தூண்காரர்கள் முறை. ராஜா கூடாது என்பவர்கூட ராஜாவின் காதருகே குனிந்தார். ஐந்து பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஆள் மட்டும் வேண்டாம்."

சக்கரவர்த்தி கிரீடம் நழுவுமளவுக்குச் சிரித்தார். ஒரே மனசுள்ள பாய் இது ஒன்றுதான் என்று சொல்லி, பிரதானியின் பாயை உருவச் சொன்னார். மேலிருந்தவர்கள் குப்புற விழுந்தார்கள். காத்தாயி வயிறெரிந்து பேசினாள். மீன்துறை தப்பியது, அன்னப்படகு அரண்மனைக் குளத்துக்குப் போனது.

மறுநாள் அகண்டமூர்த்தி தூணோரம் நின்று கால் கடுத்துப்போனார். பழைய கூட்டாளிகள் ஒருவரும் சீந்தவில்லை. கடைசியில் காத்தாயியிடமே வந்து, கொஞ்சம் இடமிருக்குமா என்று இழுத்தார்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"தாராளமாக உட்காருங்கள் ஐயா. நீங்கள் கண்ணெதிரே இருந்தால்தான் எங்களுக்கு ஒரே மனசு."