வரலாம்

வாழ்க்கையை முதலில் கெடுத்தவன் சித்தப்பன் ராக்கப்பன். வீரணன் யாரிடம் வாயைத் திறந்தாலும் அந்தப் பெயரில்தான் தொடங்குவார். அப்போது தாய் தகப்பன் இல்லாத ஆறு வயதுப் பிள்ளை வீரணன். அவரையும் தங்கையையும் காலி நெல் குதிருக்குள் இறக்கி, "இருங்க, இதோ வரேன்" என்று மூடியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனவன் அவன். மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார்தான் தூக்கி வெளியே விட்டார்கள்.

தங்கைக்கு நாற்பது வயதில் புத்தி கலங்கியது; குதிர் மூடி இழுபடுகிறது என்று காதைப் பொத்திக்கொள்வாள். இப்போது வீரணனுக்கு அறுபது; அந்தச் சத்தம் அவர் காதிலும் கேட்கத் தொடங்கிவிட்டது.

ஒரு நாள் காலை மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். அங்கே குரு உண்ணாமுலை அம்மை. அவரைவிட இருபது வயது இளையவர்.

"சின்ன வயசுல பட்ட அடி பின்னால புத்தியைத் தாக்குமாம் தாயி. டாக்டரே சொல்லிட்டாரு, எனக்கும் வரும்னு."

"வரும்னா சொன்னாரு?"

"வரலாம்னாரு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"மருந்து?"

"திங்கக்கிழமை வரச் சொன்னாரு. வர்றது வரத்தான் போகுது. நான் எதுக்குப் போகணும்?"

அம்மை மண்வெட்டியை எடுத்தார். "கத்தரிக்குத் தண்ணி கட்டிட்டு வரேன் ஐயா."

உச்சி வெயிலில்தான் திரும்பினார். வீரணன் முற்றத்தில் அதே இடத்தில் இருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"நாலு எட்டுல வேப்பமரம் நிக்குது. நிழலுக்குப் போகலையா?"

"வரேன்னீங்களே. நான் எழுந்த நேரமாப் பார்த்து வந்துட்டா?"

"நிழல்ல இருந்தா என் கண்ணுக்குத் தெரியமாட்டீங்களா?"

வீரணன் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ராக்கப்பன் வரேன்னாரு, உட்கார்ந்திருந்தீங்க. டாக்டர் வரலாம்னாரு, அதுக்கும் உட்கார்ந்துட்டீங்க. அன்னைக்குத் தலைக்கு மேல மூடி இருந்துச்சு. இப்ப என்ன இருக்கு?"

வீரணன் அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது. வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"திங்கக்கிழமை மொத பஸ்ஸுக்கே போயிடுறேன். தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு. ஆனா ராக்கப்பனை விடமாட்டேன் தாயி. எண்பத்தஞ்சு வயசுலயும் மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியுறான். ஏன் வரலைன்னு அவன் எனக்குச் சொல்லியாகணும். மன்னிச்சிடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அது அவர் சொல்ல வேண்டிய பதில். வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா, கேட்கப் போற அன்னைக்கு உங்க புத்தி தெளிவா இருக்கணும் ஐயா."