சத்தமில்லாத வண்டி

தூத்துக்குடியில் போக்குவரத்துக் காவலராக இருந்த வேல்மயிலுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதினோரு வருஷமாக அதைச் செய்துவந்த எஸ்.ஐ. ஜெபராணியிடம் அவன் வேலை பழகிக்கொண்டிருந்தான். அவர் அதிகம் பேச மாட்டார். வேல்மயில் நன்றாகப் பேசுவான்.

திங்கட்கிழமை ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அவன் எடுத்த பாடத்துக்குப் பலத்த கைதட்டல். ஹெல்மெட், வேகம், எந்த வயதில் எந்த வண்டி என்று அவன் கேட்ட கேள்விக்கெல்லாம் ஷெர்லின் என்ற பிள்ளை ஒன்று விடாமல் பதில் சொன்னாள். அவளுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் சாயங்காலம் அதே ஷெர்லின், அப்பாவின் பேட்டரி ஸ்கூட்டரில் தோழி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போய், மாவு மில்லிலிருந்து நடந்து வந்த அமலோற்பவம் என்ற பெண்ணின் மேல் மோதிவிட்டாள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சிராய்ப்பு. அமலோற்பவத்துக்கு மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் வேல்மயில் போனான்.

"இந்த வயசுல ஓட்டக்கூடாதுன்னு நேத்து நீதானேம்மா எழுந்து சொன்ன?"

"ஆமா சார்."

"பிறகு எப்படி?"

"சரியாத்தானே சார் சொன்னேன்?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவன் என்ன கேட்கிறான் என்பது நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அழத் தொடங்கினாள்.

"அந்த அக்கா ஒதுங்கிருவாங்கன்னு நினைச்சேன் சார். ஒதுங்கவே இல்ல."

அன்று வேல்மயிலுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் ஸ்டேஷனுக்கு வந்ததும் நேரே ஜெபராணியிடம் போய் நின்றான்.

"என் பாடத்துல என்னம்மா குறை?"

"ஒண்ணும் தெரியலயே."

"அப்ப குறை அந்தப் பிள்ளகிட்டயா?"

"அப்படியும் தெரியல. வெள்ளிக்கிழமை அதே பள்ளிக்கூடத்துக்குப் போவோம்."

விபத்துப் படங்களாகத் தேடித் தேடி நாற்பது படம் சேர்த்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பினான். ஜெபராணி கவரைத் திறந்து முதல் படத்தைப் பார்த்தார். மூடி மேஜை டிராயரில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பள்ளியில் அவர் வகுப்பறைக்கே போகவில்லை. ஒன்பதாம் வகுப்பு மொத்தத்தையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். கணக்கு டீச்சரின் பேட்டரி ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கினார். பிள்ளைகளை அங்கொருவர் இங்கொருவராக நிற்கவைத்தார்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கிடுங்க. வண்டி வர்ற சத்தம் கேட்டா கையைத் தூக்கணும்."

பிறகு சாவியை வேல்மயிலிடம் கொடுத்தார்.

"நடக்கிற வேகத்துல, பிள்ளைகளுக்கு ஊடால ஓட்டி அந்தக் கோல் போஸ்ட்டுக்குப் போ. யார் மேலயும் படக்கூடாது."

"அம்மா, யார் மேலயாவது பட்டுட்டா?"

"படக்கூடாதுன்னு சொன்னேனே."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இரண்டு கால்களையும் தரைக்கு மேலே தொங்கவிட்டபடியேதான் ஓட்ட முடிந்தது. ஒருத்தன் திடீரென்று காலைச் சொறிந்துகொள்ளக் குனிந்தான். ஒருத்தி கூந்தலைச் சரிசெய்ய முழங்கையை வெளியே நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவன் நின்றான். அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஷெர்லினுக்குப் பக்கத்தில் போகும்போது மூச்சையே அடக்கிக்கொண்டான்.

ஒரு கையும் உயரவில்லை.

அவன் கோல் போஸ்ட்டைத் தொட்டு நின்றபோது, நடுவிலிருந்து ஒரு பையன் கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

"சார், எப்ப சார் வருவீங்க?"

ஜெபராணி கண்ணைத் திறக்கச் சொன்னார். பிள்ளைகள் திரும்பித் திரும்பி வண்டியைத் தேடினார்கள். அது தங்களுக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்ததும் சிரித்தார்கள். ஷெர்லின் சிரிக்கவில்லை.

"ஷெர்லின், இங்க வா," என்றார் ஜெபராணி. "சாவி வேண்டாம். நீ இதை உருட்டிக்கிட்டே அந்தப் பக்கம் போ. மத்தவங்க கண்ணை மூடுங்க."

அவள் நொண்டிக்கொண்டே வண்டியைத் தள்ளினாள். நாலு பேரைக் கடந்தாள். ஐந்தாவதாக, செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த தோழி நின்றாள். அவள் லேசாக ஆடிக்கொண்டு, தனக்குத்தானே ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். ஷெர்லின் அங்கேயே நின்றுவிட்டாள்.

"கண்ணைத் திறடி," என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

தோழி பாட்டை நிறுத்தவில்லை. ஷெர்லின் திரும்பி ஜெபராணியைப் பார்த்தாள். அவர் வேடிக்கை பார்ப்பதுபோல நின்றார். வெகுநேரம் கழித்து ஷெர்லின் வண்டியை ஒரு அடி பின்னால் இழுத்து, ஹேண்டிலை ஒடித்து, சுற்றிக்கொண்டு போனாள். மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சரி பிள்ளைகளா, வகுப்புக்குப் போங்க," என்றார் ஜெபராணி.

வேல்மயிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜீப்பில் திரும்பும்போது பதிவேட்டைத் திறந்தான். தேதி எழுதினான். பள்ளியின் பெயர் எழுதினான். 'கற்பித்த பாடம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்னம்மா எழுத? ஒரு விதிகூட நாம சொல்லலையே."

"கோல் போஸ்ட்டுக்குப் போக உனக்கு எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"ஐம்பது அடி தூரத்துக்கா?"

"எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு நிக்காங்களேம்மா. யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க, ஒதுங்க மாட்டாங்க. அப்படித்தானே போக முடியும்?"

ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பினார். சந்தை விட்டு வரும் கூட்டம் சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இவங்க பாப்பாங்கன்னு உங்கிட்ட யாரு சொன்னா?"