உதறாத மடி

முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டுப் போன முந்திரி ஆலையைத் தொழிலாளர்களே தங்கள் சங்கத்தின் மூலம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் தனவேல் ஒரு நாள் காலை பிலோமினா டீச்சரைத் தேடி வந்தார்.

பிலோமினா பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைத் தொழிலாளர்களுக்கு அரசியல் வகுப்பு எடுப்பார். தனவேலைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

தனவேல் ஸ்டூலில் உட்காரவில்லை.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணே.”

“ஆலை எல்லாருக்கும் பொது. பருப்பும் பொது. அப்படின்னா, தன்னோட பொருளை ஒருத்தி தானே திருட முடியுமா?”

டீச்சர் மெஷினை நிறுத்தினார். “யாரு அந்த ஒருத்தி?”

“அஞ்சலாட்சி.”

அஞ்சலாட்சி கொட்டை உடைப்பவர். முதலாளி காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறார். அந்தக் காலத்தில், சாயங்காலம் மணி அடித்ததும் பெண்கள் பெரிய கேட்டில் வரிசையாக நின்று சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பருப்பு கீழே விழுந்தாலும் வேலை போச்சு. நாளெல்லாம் கொட்டை உடைத்து, கொட்டை எண்ணெயில் விரல் கறுத்து வெந்து போனவர்களுக்கு அதில் ஒன்றை வாயில் போட உரிமை இல்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய கேட் முன்னால் வெயிலில் உட்கார்ந்து போராடிச் சங்கம் ஆலையை எடுத்த முதல் நாளே அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் போனதும் பருப்பு குறைகிறது என்று பேச்சு வந்தது. கூட்டம் போட்டார்கள், கை தூக்கினார்கள், சோதனை திரும்பி வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அஞ்சலாட்சி மடியை உதற முடியாது என்று சொல்லிவிட்டார். நாளைக்குக் கமிட்டி கூடி அவரை வேலையிலிருந்து நீக்கப் போகிறது.

“அவங்க மடியில பருப்பு இருந்துச்சா?”

“காட்டினாத்தானே தெரியும்?”

“அப்ப தெரியாமலே திருடின்னு முடிவு பண்ணிட்டீங்க.”

தனவேலுக்குக் கோபம் வந்தது. “முதலாளி இல்லாத ஆலை ஆறு மாசம் தாங்காதுன்னு ஊரே சிரிச்சுது டீச்சர். தாங்கிக் காட்டியிருக்கோம். ஆளாளுக்கு மடியில கட்டிட்டுப் போனா ஊர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். புரட்சி நடந்த நாட்டுலயே வாசலுக்கு வாசல் காவல் போட்டாங்கன்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க?”

“சொன்னேன். அதுல பல நாடு இப்ப மேப்லயே இல்லைன்னும் சொன்னேன்.”

தனவேல் பேச்சை மாற்றினார். “நீங்க வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லணும். உங்க பேச்சுன்னா கேப்பா.”

டீச்சர் கடையைச் சாத்தினார்.

தனவேல் அவருக்குச் சீடரான கதை சின்னது. ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், “முதலாளித்துவம்னா என்ன டீச்சர்?” என்று கேட்டார். “சாயங்காலம் யார் யார் எந்த வாசல் வழியா வெளியில போறாங்கன்னு பாத்துட்டு வாங்க” என்றார் டீச்சர். போய்ப் பார்த்தார். பெண்கள் பெரிய கேட்டில் மடியை உதறிக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் மேனேஜரும் ஆபீஸ் பக்கத்துச் சின்ன வாசல் வழியாகச் சிரித்துப் பேசிக்கொண்டு காருக்குப் போனார்கள். தனவேல் மறுநாளே சங்கத்தில் சேர்ந்தார்.

ஆலைக்குள் அவர் டீச்சருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். கூலி இப்போது எல்லாருக்கும் ஒன்று. குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டிய தனி அறை. முதலாளியின் சுழல் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு ஆபீஸில் பெஞ்சு போட்டிருந்தார்கள். டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் வறுத்த முழுப் பருப்பு.

“எடுத்துக்குங்க டீச்சர். முதல் தரம்” என்று தனவேல் தட்டை நீட்டினார்.

டீச்சர் டீயைக் குடித்தார். பருப்பை அள்ளி மடியில் கட்டிக்கொண்டார். “அப்புறமா சாப்பிட்டுக்கறேன் அண்ணே.”

கொட்டகையில் அஞ்சலாட்சி எண்ணெய் சுடாமல் இருக்க விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“ஏன்க்கா உதற மாட்டேங்கறீங்க?”

அஞ்சலாட்சி கையை நிறுத்தவில்லை. “முதலாளி காலத்துல உதறினேன் டீச்சர். அவன் பொருளு, அவன் சந்தேகப்பட்டான். என் பொருளுக்கு நான் எதுக்கு உதறணும்?”

“வேலை போயிடும்கறாங்க.”

“போவட்டும். வூட்டுல ரெண்டு பொண்ணு இருக்குது. என் கூலி இல்லன்னா அடுப்பு எரியாது. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன். உதற மாட்டேன்.”

“மடியில பருப்பு இருந்துச்சா?”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

“சரிக்கா” என்று டீச்சர் எழுந்துகொண்டார்.

தனவேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எடுத்துச் சொல்லுவீங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.”

“சொல்றேன். மணி அடிக்கட்டும்.”

சாயங்காலம் மணி அடித்தது. பெண்கள் பெரிய கேட்டில் வரிசை கட்டினார்கள். தனவேல் பழக்கத்தில் ஆபீஸ் பக்கம் திரும்பினார்.

“இப்படி வாங்க டீச்சர். அங்க கூட்டமா இருக்கும்.”

சின்ன வாசல் திறந்தே கிடந்தது. டீச்சர் அந்த வாசலைப் பார்த்தார், தனவேலைப் பார்த்தார். நேரே போய் வரிசையில் அஞ்சலாட்சிக்கு முன்னால் நின்றுகொண்டார். தனவேல் நின்ற இடத்திலேயே நின்றார்.

டீச்சரின் முறை வந்தபோது, மேஜை போட்டுச் சோதனை செய்துகொண்டிருந்த பெண் பதறிப்போனார். “ஐயோ, நீங்க போங்க டீச்சர்.”

“ஏன், எனக்கு மடி இல்லையா?”

சொல்லிவிட்டு டீச்சர் மடியை அவிழ்த்து உதறினார். முழுப் பருப்புகள் சிமென்ட் தரையில் விழுந்து நாலா பக்கமும் உருண்டன.

தனவேல் ஓடி வந்தார். “அது திருட்டு இல்ல! ஆபீஸ்ல நான் குடுத்தது!”

“யாரோடதை?”

கேட்டது டீச்சர் இல்லை. அஞ்சலாட்சி.

தனவேல் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தார். சின்ன வாசல் அங்கிருந்தே தெரிந்தது. எத்தனை சாயங்காலம் அந்த வழியாக வீட்டுக்குப் போயிருப்பார் என்று அவருக்கே நினைவில்லை. கண் கலங்கிவிட்டது. சோதனை மேஜைக்கு முன்னால் வந்து நின்று, மெதுவாகத் தன் வேட்டி மடியில் கை வைத்தார்.

அஞ்சலாட்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்ணே. உங்க மடியப் பாக்கறதுக்கா அன்னிக்கு நாம எல்லாம் இந்தக் கேட்டு முன்னால வெயில்ல உக்காந்தோம்?”

வரிசை கலைந்தது. இரண்டு பெண்கள் சோதனை மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டில் அறையில் போட்டார்கள். அதற்குக் கூட்டம் போடவில்லை, யாரும் கை தூக்கவும் இல்லை. சோதனை செய்த பெண்தான் முதலில் போய் ஒரு பக்கம் பிடித்தார்.

“நாளைக்கு வேலைக்கு வந்துடு அஞ்சலாட்சி” என்றார் தனவேல்.

“வரமாட்டேன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?”

தனவேலும் டீச்சரும் பெரிய கேட் வழியாகவே வெளியே வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் வந்ததும் தனவேல் நின்றார்.

“பருப்பு குறையறது நிஜம் டீச்சர். அதை என்ன பண்றது?”

“எல்லாரையும் உக்கார வச்சுக் கேளுங்க. வரிசையில நிக்க வச்சுக் கேக்காதீங்க.”

தனவேல் தலையாட்டினார். ஆனாலும் போகவில்லை.

“காலையில நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. தன்னோட பொருளை ஒருத்தி தானே திருட முடியுமா?”

டீச்சர் கடைக் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்.

“எனக்குத் தட்டை நீட்டினப்ப அந்தச் சந்தேகம் உங்களுக்கு வரலையே அண்ணே.”