தங்க வாலும் பாதிக் கூடும்

குயிலாடிக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு மேற்கே ஓர் ஆலமரமும், அதை ஒட்டி ஒரு பனைமரமும் நின்றன. குளத்தில் இருந்தவர்கள் குளத்தார். மரத்தில் இருந்தவர்கள் மரத்தார். இரண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது!

சண்டை எல்லாம் ஒரு பாறைக்காகத்தான். அதற்கு வெயில் பாறை என்று பெயர். மார்கழிப் பனியில் காடே வெடவெடவென்று நடுங்கும்போது, காலை வெயில் முதலில் வந்து விழுவது அந்தப் பாறைமேல்தான். ஆனால் அங்கே ஒரு கூட்டத்துக்குத்தான் இடம் இருந்தது.

அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஐப்பசி அடைமழைக்கு எல்லாரும் ஏழு நாள் மலைக்குகையில் ஒதுங்குவார்கள். அப்போது மரத்தார் ஒரு வீடியோ கேம் கொண்டுவர வேண்டும், குளத்தார் ஒன்று கொண்டுவர வேண்டும். மின்மினிகள் வரிசையாக உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும். ஏழாம் நாள் மாலை எந்த கேமின் முன்னால் கூட்டம் அதிகமோ, அந்தக் கூட்டத்துக்கே அந்த வருஷத்துப் பாறை!

மரத்தார் இரண்டு வருஷமாகத் தோற்றுப்போனார்கள். முதல் வருஷம் கேம் வாங்கியது அணில் வரியப்பன். எதையும் நாலு மாசம் முன்னாலேயே பத்திரப்படுத்திவிட வேண்டும் அவனுக்கு. கேம் கடைக்கு வருவதற்குள்ளேயே, சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து முன்பதிவு செய்துவிட்டான். கேம் வந்தது. எப்போது? மழை முடிந்த மூன்றாம் நாள்!

மறு வருஷம் குரங்கு தொங்கன் போனான். கடைக்குள் நுழைந்தான். முதலில் கண்ணில் பட்டதை எடுத்தான். கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்துவிட்டான். பிரித்துப் பார்த்தால், ஒரே ஒருவர் உட்கார்ந்து ஆடுகிற சீட்டாட்டம்! அவன் ஒருவன் ஆடினான், மற்றவர்கள் ஏழு நாளும் கொட்டாவி விட்டார்கள்.

அந்த இரண்டு மார்கழியும் மரத்தார் பட்ட பாடு சொல்லி முடியாது. வரியப்பனின் மூன்று குட்டிகளும் தும்மித் தும்மியே இளைத்துப்போயின. தூக்கணாங்குருவி தையல்நாயகியின் கடைக்குட்டி, சிறகு விறைத்துப்போய், கிளையிலிருந்து விழப் பார்த்தான். தாய்க்காரி பாய்ந்து பிடித்தாள். அந்த விடியற்காலையை அவள் மறக்கவே இல்லை.

அதனால் மூன்றாம் வருஷம் அவளே முன்னால் வந்து நின்றாள். "இந்தத் தடவை கேம் வாங்க நான் போறேன்!" என்றாள்.

"நீங்களா அக்கா? உங்களுக்கு கேமைப் பத்தி என்ன தெரியும்?" என்று இளித்தான் தொங்கன்.

"கேமைப் பத்தித் தெரியாது. வாங்கறதைப் பத்தித் தெரியும்!" என்றாள் அவள்.

அவள் பேச்சில் கொஞ்சம் மிடுக்கு இருக்கும். இருக்காதா பின்னே? தூக்கணாங்குருவி வீட்டுப் பெண்கள் கூடு தேர்ந்தெடுக்கும் முறை அப்படி. ஆண்குருவி பாதிக் கூடு மட்டும்தான் கட்டும். பிறகு பெண்குருவி வந்து அதில் தொங்கிப் பார்க்கும், நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கும், காற்றடிக்கும்போது ஆடிப் பார்க்கும். பிடித்துத் தலையாட்டினால்தான் மீதிக் கூடு. இல்லையென்றால் அத்தனையும் வீண்! தையல்நாயகி அப்படி ஒன்பது கூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பத்தாவதில் குடியேறியவள். அதைக் கட்டிய பொன்னுரங்கம், "அம்மாடி! அவ இழுத்த இழுப்புல நான்தான் பிஞ்சு வந்திருப்பேன்!" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மரத்தார் எல்லாரும் சேர்ந்து ஒரு கூடை அத்திப்பழம் பறித்துக் கொடுத்தார்கள். ஒரு கூடைக்கு ஒரு கேம். கொடுத்த பழம் திரும்பி வராது. தொங்கன் கூடையைத் தூக்கிக்கொண்டான். வழியில் நாலு பழம் குறைந்தது, அது தனிக் கதை. வரியப்பனும் கூடவே தொற்றிக்கொண்டு வந்தான்.

நரி நல்லதம்பியின் கடை பாறை இடுக்கில் இருந்தது. வாசலிலேயே ஆளுயரப் படம்! கோட்டைமேல் ஒரு புலி, அதன் வாலில் தகதகவென்று தங்க மினுக்கு.

"வாங்கம்மா, வாங்க! புலிக்கோட்டை! இன்னும் பதினஞ்சு நாள்ல வருது. மழை தொடங்கறதுக்கு முதல் நாள் கையில இருக்கும். இப்பவே முன்பதிவு பண்ணினா, கேமுக்குள்ளே உங்க உருவத்துக்குத் தங்க வால் இலவசம்!" என்றது நரி.

வரியப்பனுக்கு மூச்சே நின்றுவிட்டது. தன் வாலைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான். "அக்கா! தங்க வால் அக்கா! சீக்கிரம் முன்பதிவுச் சீட்டு வாங்குங்க அக்கா!"

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தையல்நாயகிக்கும் மனசு துள்ளத்தான் செய்தது. பருவம் வந்தால் அவள் இனத்து ஆண்களுக்கெல்லாம் மஞ்சள் நிறம் கூடிவிடும். அவளோ பிறந்ததிலிருந்து பழுப்புதான். தங்க வாலோடு ஒரு நாள், ஒரே ஒரு நாள்... அலகு தானாகவே முன்பதிவுச் சீட்டுப் பக்கம் நீண்டது.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய நாலாவது கூடு ஞாபகம் வந்தது. வாசலில் பூவிதழ் ஒட்டி எவ்வளவு அழகாக இருந்தது! ஒரே இழுப்பு இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து கூடு அப்படியே குளத்தில் விழுந்தது. அலகைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, பாதிக் கூடு காட்டுங்க."

"என்னது?"

"கொஞ்சம் ஆடிப் பார்க்கணும். பத்து நிமிஷம் போதும்."

"வராத கேமை எப்படிம்மா ஆடிப் பார்க்கறது?"

"அப்ப வந்த பிறகே பார்த்துக்கறேன்."

"வந்தா தீர்ந்துபோயிடும்!"

அந்த நேரம் பார்த்துக் குளத்தார் தலைவர் நீர்நாய் பெரியாண்டி உள்ளே நுழைந்தார். ஒரு கூடை மீனைத் தொப்பென்று இறக்கினார். "புலிக்கோட்டைக்கு முதல் சீட்டு எனக்கு!" என்றார். சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, தையல்நாயகியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

"போச்சு! எல்லாம் போச்சு! பாறை போச்சு!" என்று வரியப்பன் தரையில் உட்கார்ந்து ஓலமிட்டான்.

தொங்கன் அழுகிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. கல்லாப் பக்கத்தில், கேம் பெட்டியில் மாட்டி ஆடுகிற கைப்பிடி ஒன்று ஏழு நிறத்தில் மின்னி மின்னி அணைந்தது. 'இன்று மட்டும்!' என்று அதில் எழுதியிருந்தது. தன் சொந்த வாழைச்சீப்பை வீசிவிட்டு அதை எடுத்துக் கன்னத்துக்குள் போட்டுக்கொண்டான்.

"அதை எந்தப் பெட்டியில மாட்டுவே?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"தெரியாதுக்கா! ஆனா மின்னுது பாருங்க!" என்றான் அவன், கன்னம் பளிச்சிட.

கேம் வாங்காமல் அத்திப்பழக் கூடையோடே திரும்பிய அவளை மரத்தார் வறுத்தெடுத்துவிட்டார்கள். "ஒரு சீட்டு வாங்கத் துப்பில்லையா?" என்றது மரங்கொத்தி. அவளுக்குச் சுருக்கென்றது. இரவெல்லாம் கடைக்குட்டியின் சிறகைக் கோதிக்கொண்டே இருந்தாள். பெரியாண்டி செய்ததுதான் சரியாகிவிட்டால்? இந்த வருஷமும் என் பிள்ளை நடுங்கினால்? ஆனாலும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் கடைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அலமாரியில் இருந்த கேம்களை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி ஆடிப் பார்த்தாள். "இது முயலால பிடிக்க முடியாது, பொத்தான் சின்னது. இது ரெண்டு பேருக்குத்தான். இது மூணு ஆட்டத்துல சலிச்சுப்போச்சு!" என்று தள்ளித் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா, கடையா இது, உங்க பாதிக் கூடா?" என்று நரி தலையில் அடித்துக்கொண்டது.

பதிமூன்றாம் நாள், மேல் அலமாரியின் மூலையில் தூசி படிந்து ஒரு பெட்டி கிடந்தது. பெயர், ஓட்டை ஓடம். படமும் மங்கல், பாட்டும் சுமார். ஓட்டை விழுந்த படகில் எட்டுப் பேர் வரை உட்கார்ந்து தண்ணீரை இறைக்க வேண்டும். ஒருவர் அசந்தாலும் படகு முழுகும். பொத்தான் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்!

தையல்நாயகி ஆடினாள். முழுகினாள். மறுபடி ஆடினாள், மறுபடி முழுகினாள். "அம்மா, அந்தப் பக்கம் தண்ணி வருது, அந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டே நரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வாசலில் வாங்க வந்தவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொழுது சாய்ந்தது. "இன்னும் ஒரு தடவை! ஒரே ஒரு தடவை!" என்றது நரி.

அவள் கலகலவென்று சிரித்தாள். "அண்ணாச்சி, வியாபாரத்தையே மறந்துட்டீங்களே! இதைக் கட்டிக் கொடுங்க. இந்தாங்க அத்திப்பழம்!"

மழை பிடித்துக்கொண்டது. குகைக்குள் இரண்டு கேமும் ஏறின. முதல் நாள் காடே புலிக்கோட்டை முன்னால்தான்! பெரியாண்டியின் உருவம் தங்க வாலை ஆட்டி ஆட்டி நின்றது. என்ன தளதளப்பு! ஓட்டை ஓடத்தின் முன்னால் தையல்நாயகி, பொன்னுரங்கம், வரியப்பன், தொங்கன் நாலே பேர். "ஐயே, தூசி தட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க!" என்று தவளைகள் சிரித்தன. தையல்நாயகி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரை இறைத்தாள்.

பெரியாண்டி கோட்டைக் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது: 'உள்ளே நுழைய மீதிப் பாகம் தேவை.'

"யோவ் நல்லதம்பி! மீதிப் பாகம் எங்கே?"

"பெட்டியில முதல் பாகம்தான் வரும். மீதியைக் கொக்கு கொண்டுவரும்."

"கொக்கு எங்கே?"

"மழையில கொக்கு எப்படிங்க பறக்கும்!" என்றது நரி, மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே.

இரண்டாம் நாளும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. எத்தனை நேரம்தான் வாலையே பார்ப்பது? முதலில் இரண்டு தவளைகள் நைசாக இந்தப் பக்கம் வந்தன. "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்றன. அரை நாழிகையில் அவைதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தின! பிறகு நண்டு வந்தது, நாரை வந்தது, எருமை வந்தது. எட்டுப் பேர் ஆட, எண்பது பேர் சுற்றி நின்று, "இறை! இறை!" என்று கூவினார்கள். மின்மினிகளில் பாதி களைத்து வெளிச்சம் குறைந்தபோது தொங்கனின் மின்னும் கைப்பிடியை விளக்காக வைத்துக்கொண்டார்கள். அவன் வாங்கியதற்கு அந்த ஒரு பயன்!

ஏழாம் நாள் மாலை. பெரியாண்டி மட்டும் தன் திரை முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். தங்க வால் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் மீசை தொங்கிப்போயிருந்தது.

"பெரியாண்டி அண்ணே!" என்று கூப்பிட்டாள் தையல்நாயகி. "எட்டாவது இடத்தை உங்களுக்காகக் காலி பண்ணி வெச்சிருக்கோம். தண்ணி இறைக்க உங்களைவிட யாரு இருக்கா? வாங்க!"

அவர் தொங்கிய மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்தார். அன்று மாலைதான் முதல் முறையாக ஓட்டை ஓடம் கரை சேர்ந்தது. குகையே அதிர்ந்தது! புலிக்கோட்டை முன்னால் ஓர் எறும்புகூட இல்லை.

மழை விட்ட பிறகு கொக்கு மீதிப் பாகத்தைக் கொண்டுவந்தது. கேம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது கடையில் முழு கேமின் விலையே அரைக் கூடைதான்! பெரியாண்டி அதைப் பார்த்து விட்ட பெருமூச்சில் குளத்தில் அலையே எழுந்தது.

மார்கழி வந்தது. வெயில் பாறைமேல் மரத்தார் எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். வரியப்பனின் குட்டிகள் தும்மவில்லை. தையல்நாயகியின் கடைக்குட்டி சிறகை அகல விரித்துக்கொண்டு அம்மா மடியில் சாய்ந்திருந்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. 'என் கண்ணால பார்த்தேன், என் அலகால இழுத்துப் பார்த்தேன், என் பிள்ளைக்கு வெயில் வாங்கிட்டேன்!' என்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

முதல் வெயில் வந்து அவள்மேல் விழுந்தது.

"அடியே, உன் வாலைத் திரும்பிப் பாரேன்!" என்றார் பொன்னுரங்கம்.

திரும்பிப் பார்த்தாள். பழுப்பு வால் முழுக்கத் தங்கமாக மின்னிக்கொண்டிருந்தது.

படத்தைப் பார்த்து மயங்கி முன்கூட்டியே வாங்குவதும் தவறு, பளபளப்பைக் கண்டு பாய்ந்து வாங்குவதும் தவறு. எடுத்துப் பார்த்து, நமக்கு உதவுமா என்று சோதித்து வாங்குகிறவரே தலை நிமிர்ந்து உட்காருவார்.