தீ என்று சொன்னால் கழுதை ஊர்வலம்

கருங்கானூரை ஆண்ட விசயரங்க பூபதி நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறைதான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரியென்று படும்.

அந்த வருஷக் கோடையில் கன்னார் தெருவில் ஒரு வீடு பற்றிக்கொண்டது. எல்லாம் கூரை வீடுகள். காற்று வேறு வீசியது. பாதித் தெரு சாம்பலாகிவிட்டது. அரசருக்கு யோசனையும் சிரிப்பும் சேர்த்துச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்த ஆவுடையப்பன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி விறகு காயப்போட்டிருந்தார்களாம். கொள்ளியை அணைக்காமலே வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்களாம். இனி ஒவ்வொரு சமையற்கட்டிலும் ஒரு குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும் இருக்க வேண்டும், வைக்கோற்போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போட வேண்டும், தெருவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை அரண்மனை கட்டித் தர வேண்டும் என்றான். அரசர் தலையாட்டினார்.

அப்புறம் அரண்மனைச் சோதிடர் சங்குபாணி எழுந்தார். அவருக்கு ஆவுடையப்பனைக் கண்டாலே ஆகாது.

"அரசே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார்தான் வராமல் இருப்பார்கள்? நம் ஜனங்கள் நாள் முழுக்க அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் வருகிறது. பெயரைத் தடை செய்யுங்கள். தொட்டியும் வேண்டாம், மணலும் வேண்டாம்."

கடைசியாகப் பேசியவர் அவர்தானே. மறுநாளே பறை அறைந்தார்கள். தீ, நெருப்பு, எரிகிறது, பற்றிக்கொண்டது, இந்த வார்த்தைகளை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் தலையை மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம்.

காவலர்களுக்கு ஒரே உற்சாகம். முதல் எழுத்து காதில் விழுந்ததுமே பாய்ந்தார்கள். குதிரைக்குத் தீனி கேட்ட லாயக்காரன் மாட்டினான். நியாயாதிபதி 'தீர்ப்பு' என்று ஆரம்பித்ததும் நாலு பேர் ஈட்டியோடு எழுந்து நிற்க, அவர் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வழக்கும் முடியவில்லை. தீத்தாரப்பன் என்று ஒரு எண்ணெய் வியாபாரி. அவரை அவர் மனைவி 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது ஊரில் எல்லோருமே அவரை 'என்னங்க' என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். அடுத்து நடந்தது அப்படியில்லை.

குயவர் தெருவில் வெள்ளையம்மாள் என்பவள் பக்கத்து வீட்டுக் கூரையில் புகை எழுவதைப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். உள்ளே தொட்டிலில் குழந்தை. வெள்ளையம்மாள் தெருவுக்கு ஓடிவந்து, "அது வந்துடுச்சு, அது வந்துடுச்சு" என்று கத்தினாள். பாம்பு என்று நினைத்து ஒருவர் தடியோடு வந்தார். திருடன் என்று நினைத்து இன்னொருவர் தம் வீட்டுக் கதவைத் தாழிட்டார். இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அவளே ஈரக் கோணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்து குழந்தையைத் தூக்கி வந்தாள். வீடு போய்விட்டது. அவள் கை வெந்துவிட்டது.

ஆவுடையப்பன் இதை அவையில் சொன்னான். சோதிடரோ அசரவில்லை. அவள் வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் நினைத்திருப்பாள், அதனால்தான் வந்தது என்றார். இனி நினைப்பதற்கும் தடை போட வேண்டும் என்று நீட்டி முழக்கிக்கொண்டே போனார். பேச்சு வேகத்தில் அவருடைய அங்கவஸ்திரத்தின் நுனி பின்னாலிருந்த குத்துவிளக்கில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஆவுடையப்பன் கவனித்தான். அவையோர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனான்.

"சோதிடரே, தங்கள் அங்கவஸ்திரத்துக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார்."

"யாரது?"

"பெயர் சொல்ல முடியாது. ஆள் சிவப்பு. சொந்த ஊர் அடுப்பு."

"பேச்சு முடியும்வரை பொறுக்கச் சொல்."

"பொறுக்கிற ஆள் இல்லையே. முதுகுக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்."

அப்போதுதான் சோதிடருக்குச் சுட்டது. "தீ, தீ" என்று அலறிக்கொண்டு ஓடப் பார்த்தார். ஓடினால் காற்றில் இன்னும் பெரிதாகும் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். காலைத் தட்டி ஜமக்காளத்தில் விழவைத்து, இரண்டு புரட்டுப் புரட்டி, குடத்தை அவர்மேல் கவிழ்த்தான். அங்கவஸ்திரம் போயிற்று, குடுமியில் பாதி போயிற்று. ஆளுக்கு ஒன்றுமில்லை.

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கழுதையைக் கூட்டிவரக் கிளம்பியேவிட்டான்.

"சோதிடரே, அந்த வார்த்தையைச் சொன்னீரா?" என்று கேட்டார் அரசர்.

சோதிடர் சொட்டச் சொட்ட எழுந்து கைகூப்பினார். "இல்லை அரசே. தாகமாக இருந்தது. தீர்த்தம் கேட்க வாயெடுத்தேன். முதல் எழுத்தோடு நின்றுவிட்டது."

அரசர் ஆவுடையப்பனைப் பார்த்தார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பகையாளிக்கு மொட்டை நிச்சயம்.

ஆவுடையப்பன் காலிக் குடத்தைக் கீழே வைத்தான்.

"அவர் சொல்வது உண்மைதான் அரசே. ஆனால் இந்த நாட்டில் இப்போது யாரும் முதல் எழுத்துக்கு மேல் காத்திருப்பதில்லை. அதனால்தான் நானும் முழுதாகக் கேட்கும்வரை காத்திராமல், தீர்த்தத்தைக் குடத்தோடு கொடுத்துவிட்டேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் தடையை நீக்கினார். ஆவுடையப்பனுக்கு முத்துமாலையும், வெள்ளையம்மாளுக்குப் பொற்காப்பும் கொடுத்தார். எரிந்த வீட்டைக் கட்டித் தரவும் தெருவெல்லாம் தொட்டி கட்டவும் உத்தரவானது.

வீடு வீடாகப் போய்த் தண்ணீரும் மணலும் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைச் சங்குபாணியிடம் கொடுத்தார். அதன்பிறகு அந்த நாட்டில் அவரைப் போல அக்கறையாக அந்த வேலையைப் பார்த்தவர் யாருமில்லை.