உமரி ஏன் கரிக்கிறது

செடிகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், இடம் பிடிக்கவில்லை என்றால் வேரைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்து நடந்துவிடவும் செய்யும். கடலோரத் தாழ்வில் ஆவாரையும் தும்பையும் உமரியும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள். உமரிக்கு அப்போது இலை அகலம், மெல்லிசு. மென்றால் சப்பென்று இருக்கும்.

செடிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேர்வாசல் வழியாகத் தண்ணீரை உள்ளே விடலாம், உப்பை மட்டும் விடக் கூடாது. உப்பைத் தொட்டால் சாவு என்று எல்லோரும் சொல்வார்கள். தொட்டுச் செத்த ஒருத்தியை யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஐப்பசியில் கடல் கரை ஏறி வந்தது. திரும்பிப் போகும்போது உப்பை மண்ணிலேயே விட்டுவிட்டுப் போனது. பொழுது சாய்வதற்குள் தும்பைக்குத் தலை தொங்கிவிட்டது. காலடி முழுக்க ஈரம், ஆனால் தாகம் அடங்கவில்லை. அதைவிடக் கொடுமை, உடம்புக்குள் இருந்த தண்ணீரும் வேர்வாசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

உமரி தண்ணீரை மறித்து ஏன் போகிறாய் என்று கேட்டாள். தண்ணீர் மழுப்பவில்லை. எந்தப் பக்கம் உப்போ சத்தோ கரைந்த சாரம் கூடுதலோ அந்தப் பக்கம் போவதுதான் தன் வழக்கம் என்றது. நேற்றுவரை மண்ணைவிட உன் உடம்பில் கூடுதலாக இருந்தது, வந்தேன். இன்றைக்கு மண்ணில் கூடுதல், போகிறேன். உன்மேல் எனக்குக் கோபமும் இல்லை, பாசமும் இல்லை என்றது.

தும்பை வேரைச் சுருட்டிவிட்டாள். ஆவாரையும் மேட்டுக்குக் கிளம்பியபடி உமரியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி உமரி, வா. இங்க என்னத்த வச்சிருக்க?"

"விதைய வச்சிருக்கேன்."

சேற்றுக்குள் புதைந்த விதைகளை முளைக்கும் முன்னே தோண்டித் தூக்க முடியாது. விட்டுப் போனால் அவை இந்த உப்பில் கண் திறந்த உடனே கருகும்.

"நீ இருந்து என்ன கிழிக்கப் போற? சேர்ந்து கருகுவ, அவ்வளவுதான்" என்றாள் ஆவாரை.

"கருகுறேன். நீ நட."

போய்விட்டார்கள். உமரியின் இலைகள் சுருண்டன. தண்ணீர் சொன்னதையே அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். நாமோ உப்பு வராமல் வாசலை அடைத்துவைத்திருக்கிறோம். அப்படியென்றால் நம்மைக் கொல்வது கடல் இல்லை, நம் கட்டுப்பாடுதான்.

வேர்வாசலை அகலத் திறந்து உப்பை உள்ளே விட்டாள்.

எரிந்தது. எல்லோரும் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. உப்பு உயிர்நிலையைத் தொட வந்தபோது உமரி விடவில்லை. உடம்பின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் தனியாக ஒரு பையைக் கட்டி உப்பை அதற்குள் தள்ளி அடைத்தாள். அகன்ற இலைகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. அழகு போனால் போகட்டும் என்று உப்பை இன்னும் தின்றாள். மண்ணில் இருப்பதைவிடத் தன்னுள் உப்பு கூடும்வரை தின்றாள்.

வெளியே போய்க்கொண்டிருந்த தண்ணீர் வாசலில் தயங்கி நின்றது.

"உன்னைக் கெஞ்சிக் கூப்பிடல" என்றாள் உமரி. "உப்பு இப்ப எந்தப் பக்கம் கூடுதல்னு நீயே பாரு."

தண்ணீர் பார்த்தது. உள்ளே திரும்பியது. நுண்ணறைகள் ஒவ்வொன்றும் நிறைந்து சுவரை முட்டின. சுவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தொங்கிய தண்டு தடித்து, கணுக்கணுவாக நிமிர்ந்தது.

மேட்டிலிருந்து பார்த்த ஆவாரை, கட்டுப்பாட்டை மீறியவள் இனி நம்மில் சேர்த்தி இல்லை என்று கத்தினாள். உமரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் காலடியில் சேறு விரிசல் விட்டது. முதல் முளை எட்டிப் பார்த்தது, தாயைப் போலவே வேர்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே.

அந்த முளையிலிருந்துதான், மற்ற செடிகள் வாடிச் சாகும் உப்புச் சேற்றில் உமரி மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறது. கிள்ளி வாயில் போட்டால் கரிக்கிறது.